வயிற்றில் பை அணிந்தவரின் தொழுகை

 

புற்றுநோயால் சிறுநீர்ப்பை அகற்றப்பட்டவருக்கு, சிறுகுடலின் ஒரு துண்டில் சிறுநீரகக் குழாய்களை இணைத்து, மறுமுனையை வயிற்றில் வாயிலாக அமைத்துவிடுகிறார்கள் மருத்துவர்கள். சிறுநீர் ஓயாது வடிந்து, அதன்மேல் ஒட்டிய பையில் சேரும், அடக்க இயலாது. “நஜீஸைச் சுமந்துகொண்டு எப்படித் தொழுவது?” என்று சிலர் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். இந்த அச்சம் மார்க்கம் தந்ததன்று!

உதிரப்போக்கு நிற்காத ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள், தொழுகையை விட்டுவிடலாமா என வினவியபோது, கூடாது என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். சிறுநீர் நில்லாதவரும் அவ்வாறே மஃதூர் என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. நேரம் வந்தபின் பையைக் காலிசெய்து, உளூச் செய்து தொழட்டும். இடையில் வடிவது தொழுகையை முறிக்காது.

இரவுதான் சோதனை. பகற்பை சிறியது; நிரம்பினால் ஒட்டு விலகிப் படுக்கை நனையும். இதற்கஞ்சித் தண்ணீரைக் குறைப்பது சிறுநீரகத்திற்குக் கேடு. உறங்குமுன் அதனை 2 லிட்டர் கொள்ளும் இரவுப்பையுடன் குழாயால் இணைக்க வேண்டும். அப்போது பகற்பையில் சிறிதளவு சிறுநீர் இருக்கட்டும். முற்றிலும் வெறுமையாயின் பை ஒட்டிக்கொண்டு ஓட்டம் தடைபடும். இரவுப்பை கட்டிலைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. வெண்ணிழை போன்ற சளி தென்படுவது குடலின் இயல்பே.

ஸுபுஹு பாங்கு கேட்டதும் பகற்பையின் திருகை மூடிய பின்னரே குழாயைக் கழற்றுங்கள். இரவுப்பையைக் கழுவி உலர்த்தும் பணியை, முகம் சுளிக்காத பிள்ளைகள் ஏற்கட்டும். ஸஃப்பில் அவருக்கு அருகில் நிற்பவரும் விலக வேண்டியதில்லை. சரியாக ஒட்டி மூடிய பையிலிருந்து வாடை வருவதில்லை.