தூரத்து அறிமுகங்கள்

(ஊராட்சி ஒன்றியக் கூட்ட அரங்கில் கல்லூரி மாணவ மாணவியரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் பட்டம் பெற்றது 2003-ஆம் ஆண்டில். நமது ஊரில் மாதச் சம்பளக்காரர் என நாம் அறிந்தவர் மூவரே: தலைமையாசிரியர், தபால்காரர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர். மூவரும் நம்மீது அன்புடையவர்கள். ஆயினும் நாம் அறியாத செய்தி எதையும் அவர்களும் அறிந்திருக்கவில்லை. அரசுத் தேர்வு ஒன்றின் அறிவிப்பை, விண்ணப்பிக்கும் நாள் கடந்து ஒன்பது நாட்களுக்குப் பின், டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த செய்தித்தாளில் படித்தோம். ஓராண்டு வீணாயிற்று.

அதே 2003 மே மாதத்தில்தான், தொழில்துறையினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கான லிங்க்டுஇன் என்னும் இணையத்தளம் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. இன்று அது உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது. திறந்து பார்ப்பவர்தாம் சிலர்.

"இது சிபாரிசு தேடும் வேலையன்றோ?" எனப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அன்று. சிபாரிசு என்பது தகுதியில்லாதவனை உள்ளே நுழைப்பது. நாம் பேசுவது செய்தியைப் பற்றி. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில், தெரிந்தவர் வாயிலாக வேலை பெற்றவர்களை அணுகி, அச்செய்தியைச் சொன்னவரை எத்துணை அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என வினவினார். அடிக்கடி என்றவர் 100-க்கு ஏறத்தாழ 17 பேரே. எப்போதாவது என்றவர் பாதிக்கு மேல். அரிதாக என்றவர் 28. இதனை அவர் 1973-இல் வெளியிட்டார். காரணம் எளிது. நெருங்கியவர் நாம் புழங்கும் வட்டத்திலேயே புழங்குகிறார். தூரத்து அறிமுகமோ வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொணர்கிறது.

லிங்க்டுஇன் பயன்படுத்துவோர் 2 கோடிப் பேரைக் கொண்டு 5 ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. மிக நெருங்கியவரைவிட, ஓரளவு தூரத்தில் உள்ளவரே வேலைமாற்றத்திற்கு அதிகம் உதவினர் என்று அது காட்டிற்று. ஆனால் முற்றும் தொடர்பற்றவர் அத்துணை உதவவில்லை. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் சிலரேனும் இருத்தல் நலம். ஆகவே, பெரிய நிறுவனத் தலைவர்களுக்கு வேண்டுகோள் அனுப்பிக்கொண்டிராதீர்கள். உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடினால், அங்குப் படித்தவர்கள் இன்று எந்த ஊரில், எத்தொழிலில் இருக்கிறார்கள் என்பதை அத்தளமே பட்டியலாகக் காட்டும். அங்கிருந்து தொடங்குங்கள்.

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரின் மகள், வேதியியல் மாணவி, நாற்பது பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்பியிருந்தார்: "எனக்கு ஒரு வேலை வாங்கித் தாருங்கள்." ஒருவரும் பதில் எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வாங்கித் தர அவர்கள் கையில் வேலை ஏது? பின்னர் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, மருந்துத் தொழிற்சாலை ஆய்வகத்தில் பணியாற்றும் முன்னாள் மாணவி ஒருவருக்கு நான்கு வரிகள் எழுதினோம். "வணக்கம் அக்கா. நானும் நம் கல்லூரியில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தங்கள் ஆய்வகத்தில் புதியவர்களிடம் எந்தக் கருவியில் பயிற்சியை எதிர்பார்க்கிறார்கள்? விடுமுறையில் அதைக் கற்க விரும்புகிறேன்." அவ்வளவே. மூன்றாம் நாள் பதில் வந்தது: ஹெச்.பி.எல்.சி. கருவி. கல்லூரியில் அக்கருவி இருந்தது. துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது! பேராசிரியரிடம் கேட்டுக் கற்றார். அந்த அக்கா வேலை எதுவும் தரவில்லை. எட்டு மாதம் கழித்து, வேறொரு நிறுவனத்தில் தொழில்பழகுநர் எடுக்கிறார்கள் என்ற செய்தியை மட்டும் அனுப்பினார். மாணவி இப்போது அங்கிருக்கிறார்.

ஆங்கிலம் வராதே எனச் சிலர் தயங்குகிறீர்கள். தமிழறிந்தவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். விவரப் பக்கத்தில் செய்ததை மட்டும் எழுதுங்கள்; அப்பாவின் தறிக்குக் கணக்கெழுதியதும் செய்த வேலைதான்.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. தாய்லாந்தில் கணினி வேலை எனச் சமூக ஊடக விளம்பரங்களால் ஈர்க்கப்பட்ட இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்படுவதாக, 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அவ்வாறு சிக்கியவர்களுள் தமிழகத்தாரும் இருந்தனர். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அக்கணமே நிறுத்துங்கள். வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொதுவில் இடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930-ஐ உடனே அழையுங்கள். தாமதம்தான் திருடனுக்குத் துணை.

வரும் சனிக்கிழமை பிற்பகல் அலுவலகக் கணினி அறை திறந்திருக்கும். யாருக்கு, எந்தக் கேள்வியை எழுதப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பிழை இருந்தால் சேர்ந்து திருத்துவோம்.