நிறுத்தக்குறிகளின் அருமை



சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மரை வலம்வர விழைவோர் குன்றையே சுற்றிவர வேண்டும். மூலவர் பாடலாத்ரிப் பாறையோடு ஒன்றியவர். அதுபோலப் பண்டைத் தமிழ் எழுத்தில் சொல்லும் நிறுத்தமும் ஒன்றியே கிடந்தன. ஓலைச்சுவடியில் காற்புள்ளி இல்லை. ஓலை கிழியுமென அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் விடுத்தனர். எங்கே நிறுத்துவது என்பதை யாப்பும் உரையாசிரியரும் ஆசானின் குரலும் உணர்த்தின.

அச்சு வந்தபின் ஆசான் அருகில் இல்லை. அவரிடத்தைக் குறிகள் ஏற்றன. பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து, ஆங்கில நூல்களின் முறையை அறிந்திருந்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879), தமிழ் உரைநடையில் அவற்றைச் செம்மையாகக் கையாண்ட முன்னோடி ஆவார்.

இக்குறிகள் அணிகலன் அல்ல, பொருளின் காவலர்கள். "முதியவர் கொடுத்த ஓலையைப் படித்தார்" என்றால், ஓலையைக் கொடுத்தவர் முதியவர், படித்தவர் வேறொருவர். "முதியவர், கொடுத்த ஓலையைப் படித்தார்" என்றாலோ, படித்தவரே முதியவர். ஒரு சிறு கோடு எழுவாயையே மாற்றிவிடுகிறது!

ஆயினும் ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்துக்கொள்ளுதல் தகாது. "மலை, கடல், கோயில் ஆகியன" என்னும் செவ்வெண்ணிற்குக் காற்புள்ளி வேண்டும். "மலையும் கடலும் கோயிலும்" என்னுமிடத்து உம்மையே அப்பணியைச் செய்வதால் அது வேண்டா. ஆங்கிலத்தில் சொல்வரிசை மாறாத வினாவை வினாக்குறியே காட்டும். தமிழில் ஆ, ஓ முதலிய வினாவெழுத்துகளே வினாவை உணர்த்திவிடும். வினாக்குறி அங்கே துணையாகவே நிற்கிறது.

கவிஞர்கள் சிந்திக்கவேண்டிய இடம் இனிமேல்தான். நன்னூல் பொருள்கோள் எட்டு என்கிறது. அவற்றுள் தாப்பிசை, இடைநின்ற சொல் முன்னும் பின்னும் சென்று பொருந்துவது. அச்சொல்லின் ஒருபுறம் காற்புள்ளி இட்டால் மறுபுறத்துப் பொருள் மறைந்துவிடும். ஆகவே பழம்பாடலைப் பதிப்பிப்போர் இடும் ஒவ்வொரு குறியும் ஓர் உரையே. கற்பவர் அதனைப் புலவர் இட்டதாகவே கொள்வர். அப்பொறுப்பை உணராது இடுதல் பிழை. புதுக்கவிதையிலோ அடிமுறிவே நிறுத்தமாகிறது. அங்கும் குறி இடுவோர் காரணத்தோடு இடுதல் வேண்டும்.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே எளிய வழி. மூச்சு நிற்குமிடமும் பொருள் நிற்குமிடமும் ஒன்றாயின் குறி அங்கே தானே அமையும். இரண்டும் வேறாயின் திருத்த வேண்டுவது குறியை அன்று, தொடரையே. பத்தாண்டுகளாகக் கவிதையை வாய்விட்டுப் படித்துச் சுவைத்துவரும் இவ்வட்டத்தார்க்கு இது புதிய பயிற்சி அன்று. இனித் தாளிலும் அச்செவிக்கூர்மை விளங்குக!