விசுவாசம் போன நாள் எது?

(நமது மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூடுகையில் பங்காளர்கள் மத்தியில் பகிர்ந்துகொண்ட செய்தி)



வழக்கமாக இந்தக் கூடுகையில் சுகமாகி வீடு திரும்பினவர்களைக் குறித்தே உங்களுக்குச் சொல்லுவோம். அவர்களில் ஓரிருவரைச் சாட்சி சொல்லவும் அழைப்போம். இந்த ஆண்டு, எங்கள் வாசலுக்குள் விசுவாசத்தோடு வந்து, அது இல்லாமல் திரும்பிப் போன ஒரு தகப்பனைக் குறித்துச் சொல்ல உங்கள் அனுமதியைக் கேட்கிறோம்.

அவர் ஒரு கிராம சபையின் மூப்பர். தம்முடைய 9 வயது மகளை மூளைக்காய்ச்சலோடு கொண்டுவந்தார். 11 நாட்கள் இருந்தார்கள். மாலை ஜெபத்துக்கு நாங்கள் வார்டுக்குப் போனால் அவரே பாட்டை ஆரம்பித்துவிடுவார். 12-ஆம் நாள் விடியற்காலத்தில் பிள்ளை மரித்துப்போனாள். நாங்கள் கட்டிலைச் சுற்றி நின்று யோபின் முதலாம் அதிகாரத்தை வாசித்தோம். தேவ சித்தம் என்றோம். அவர் கைகூப்பி எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். என்ன விசுவாசம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அதற்குப் பின் அவர் ஆலயத்துக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டு, 6 மாதம் கழித்து வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார். கோபமாகப் பேசவில்லை.

“பாப்பா போனதாலதான் நான் மாறிட்டேன்னு ஊர்ல சொல்றாங்க. அப்படி இல்லீங்க ஐயா. அவ உயிரோட இருக்கும்போதே ஒரு ராத்திரி, ஜெபிச்சுக்கிட்டு இருக்கையில, நாம யாருகிட்ட பேசுறோம்னு தோணிப்போச்சு. அதுக்கு முன்னாடியே கூடப் போயிருக்கலாம். எந்த நாள்னு எனக்கே தெரியல. நீங்க கட்டில்கிட்ட நின்னு வாசிச்சீங்களே, என்ன வாசிக்கப் போறீங்கன்னு எனக்கு முன்னமே தெரியும்.”

எங்களுக்குப் பதில் வரவில்லை. திரும்பும் வழியில் எங்களோடு வந்த மருத்துவர், “டார்வினும் இப்படித்தானே” என்றார். பிரசங்கங்களில் நாம் அந்தப் பெயரை எடுப்பது, பெரும்பாலும் மனிதனும் குரங்கும் என்று சொல்லிச் சிரிப்பதற்குத்தான். ஆகவே அவருடைய சரித்திரத்தை வாங்கி வாசித்தோம். வாசித்ததைச் சொல்லுகிறோம்.

சார்லஸ் டார்வின் போதகராக வேண்டும் என்றே கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டவர். 1831-இல் பீகிள் கப்பலில் ஏறினபோதும், வேத வசனத்தை ஆதாரம் காட்டிப் பேசுவாராம். கப்பல் அதிகாரிகளே அதைக் கேட்டுச் சிரித்தார்களாம். 1836-இல் கரை திரும்பியபின் சந்தேகங்கள் தோன்றின. அவற்றை மறைத்துவிடும்படி தகப்பனார் ஆலோசனை கூறியும், தாம் மணக்கவிருந்த எம்மாளிடம் அவர் சொல்லிவிட்டார். எம்மா பக்தியுள்ள பெண். 1839-இல் மணமான புதிதில், நித்தியத்தில் நாம் பிரிந்துவிடுவோமோ என்ற பயத்தோடு கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். டார்வின் அதைக் கடைசிவரை வைத்திருந்தார். தான் அதை முத்தமிட்டு அழுத நாட்கள் அநேகம் என்று அதன் அடியில் தம் கையால் எழுதியும் வைத்திருந்தார். அவர் அவளோடு தர்க்கம் பண்ணவில்லை. அவளும் அவரை விட்டுப் போகவில்லை.

அவர்களுடைய மூத்த மகள் ஆனி. 1851-இல் 10 வயதானவள் நோயில் விழுந்தாள். மால்வெர்ன் என்னும் ஊரில் ஒரு மருத்துவர் தண்ணீர் சிகிச்சை செய்துவந்தார். ஈரத் துணியைச் சுற்றுவதும் குளிர்ந்த நீரை ஊற்றுவதும்தான் அந்த வைத்தியம். டார்வினுக்கே அதில் சுகம் தெரிந்திருந்ததால் பிள்ளையையும் அங்கே கொண்டுபோனார். அவளுக்கு இருந்தது காசநோய் என்று இக்காலத்தில் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அன்றைக்கு அதற்கு எங்கேயும் மருந்து இல்லை. எம்மா நிறைகர்ப்பிணியாய் வீட்டில் இருந்தபடியால் தகப்பன் மாத்திரம் கட்டிலண்டை உட்கார்ந்து, பிள்ளை என்ன குடித்தாள், எத்தனை தரம் வாந்தி பண்ணினாள் என்று மனைவிக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அது ஈஸ்டர் வாரம். ஏப்ரல் 20 ஈஸ்டர். 23-ஆம் தேதி ஆனி மரித்துப்போனாள். அடக்க ஆராதனைக்கும் நிற்காமல் அவர் எம்மாளிடம் திரும்பிப் போனார்.

அன்றைக்குத்தான் அவருடைய விசுவாசம் போயிற்று என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர் அப்படிச் சொல்லவில்லை. 1876-இல் எழுதின தன் வரலாற்றில், அவிசுவாசம் மிகவும் மெதுவாகத் தம்மேல் வந்தது, அதனால் துன்பமே தெரியவில்லை என்கிறார். ஒரு உரையாடலில், 40 வயது வரைக்கும் கிறிஸ்தவத்தைத் தாம் விடவில்லை என்று சொன்னதாகவும் குறிப்பு இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அது ஆனி மரிப்பதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்னாலே. ஆனால் ஒன்று மட்டும் அவரை உறுத்தியது தெரிகிறது. விசுவாசியாத தம் தகப்பனும் அண்ணனும் நெருங்கின சிநேகிதரும் நித்திய ஆக்கினைக்குப் போவார்கள் என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை. அந்தப் பகுதியை எம்மா 1887-இல் அச்சேற விடவில்லை. 1958-இல்தான் பேத்தி ஒருத்தி அதைப் பதிப்பித்தாள்.

டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார் என்று ஒரு கதை உண்டு. அதை நாங்களும் வார்டில் சொல்லியிருக்கிறோம். அது 1915-இல் அமெரிக்காவில் ஒரு சபைப் பத்திரிகையில் வெளிவந்த கதை. படுக்கையருகே இருந்த மகள் அது உண்மையல்ல என்று 1922-இல் எழுதிவிட்டாள். இனி அதைச் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். பொய்யைக் கொண்டு ஆண்டவருக்கு என்ன மகிமை சேர்க்கப் போகிறோம்?

பங்காளர்களாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. குடும்பம் ஆலயத்துக்குப் போகையில் டார்வின் நடக்கப் போய்விடுவார். ஆனாலும் ஊர்ப் போதகர் இன்னஸ் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். ஏழைகளுக்கு நிலக்கரியும் துணியும் வழங்கும் சங்கத்துக்கு டார்வின்தான் கணக்குப் பார்த்தார். தென் அமெரிக்காவின் தென்கோடியில், தியெரா தெல் பூகோ மக்கள் நடுவே உழைத்த மிஷனரி சங்கத்துக்கும் பழைய கப்பல் தோழர் சலிவன் மூலமாகப் பணம் அனுப்பினார். அந்த ஊழியம் தோற்றுப்போகும் என்று நினைத்தவர், அது பலன் கண்டதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு, தம் கணிப்புத் தவறு என்று ஒப்புக்கொண்டு எழுதினார்.

இதை வாசித்தபோது எங்களுக்கு மறுபடியும் அந்த மூப்பரின் நினைவு வந்தது. ஆண்டுதோறும், மகள் மரித்த தேதியில், பிள்ளைகள் வார்டுக்கென்று அவரிடமிருந்து 500 ரூபாய் வருகிறது. முன்பு மணியார்டராக வந்தது. இப்போது வங்கி மூலம் வருகிறது. ஒரு வரியும் எழுதுவதில்லை.

எங்கள் ஜெபம் அவரிடத்தில் எதையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. வார்டில் மட்டும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பிள்ளை மரித்தால் உடனே வேதத்தைத் திறப்பதில்லை. ஒருவர் நாற்காலி போட்டுத் தாயோடும் தகப்பனோடும் உட்காருகிறார். அவர்கள் கேட்டால் ஜெபிக்கிறோம். இரவு வேளைக்கு அப்படி உட்கார ஆள் போதவில்லை. அருகிலுள்ள சபைகளிலிருந்து வரக்கூடியவர்கள் தெரிவிக்கலாம்.

எல்லாருக்கும் அனுப்பும் ரசீதோடு ஒரு வசன அட்டையும் வைப்பது எங்கள் வழக்கம். அவருடைய உறையில் அதை வைக்கலாமா என்று அலுவலகத்தில் ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்கள். போன தடவை வைக்கவில்லை. ரசீதின் பின்புறம் பாப்பாவின் பெயரை எழுதி, அவள் படுத்திருந்த ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பையன் சுகமாகி வீட்டுக்குப் போனான் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினோம்.