சூளை திறக்கும் நாள்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாமல் மட்கலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஜப்பானியரின் விறகுச் சூளைக் கலையில், படைப்பாளிகள் கூடும் ஓர் அவை எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதன் பொருட்டே இதனைத் தேர்ந்துகொண்டேன்.

'அனகாமா' என்னும் சூளை ஐந்தாம் நூற்றாண்டளவில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. சரிவான நிலத்தில் குகைபோல் அமைந்த ஒரே அறை; கீழ்முனையில் தீவாய், மேல்முனையில் புகைபோக்கி. நெருப்பும் கலங்களும் ஓரறையில் இருப்பதால், விறகின் சாம்பல் அனலோடு பறந்து கலங்களின்மேல் படிகின்றது. வெப்பம் 1200 பாகை செல்சியசைக் கடக்கும்போது அச்சாம்பல் உருகி, மண்ணோடு இணைந்து, கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சாகின்றது. பல அறைகள் படிப்படியாக மேலேறும் 'நொபொரிகாமா' பிற்காலத்தில் வந்தது.

இக்கலையின் இயல்பை ஒக்காயாமா மாநிலத்துப் பிசென் கலங்களில் தெளிவாகக் காணலாம். அவற்றிற்கு மெருகுப் பூச்சு இடுவதில்லை. நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டும் அக்களிமண் சூட்டில் மிகுதியும் சுருங்கும். விரைந்து சூடேற்றினால் வெடிக்கும். ஆதலால் செம்பைன் விறகிட்டு 10 முதல் 14 நாள்வரை மெல்ல மெல்லச் சுடுகின்றனர். இரவும் பகலும் முறைவைத்து விழித்திருந்து தீயூட்ட வேண்டும். ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய செயலன்று அது.

தீ தரும் வண்ணங்கள் பலவாகும். சாம்பல் விழுந்து எள் தூவியதுபோல் தோன்றுவதைக் 'கொமா', அதாவது எள், என்றே அழைக்கின்றனர். தணலில் புதையுண்ட பகுதி நீலமும் சாம்பலும் கலந்த நிறம் பெறுகின்றது. கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க முற்காலத்தில் இடையே வைக்கோல் வைத்தனர்; வைக்கோலிலுள்ள பொட்டாசியம் மண்ணிலுள்ள இரும்போடு வினைபுரிய, செந்நிறக் கோடுகள் படர்ந்தன. 'ஹிடாசுகி' எனப்படும் அக்கோடுகளுக்காகவே பின்னர் வைக்கோல் சுற்றலாயினர். பயன் கருதிச் செய்தது அழகாயிற்று.

இவையெல்லாம் தற்செயல்தாமே, இதில் கலைஞரின் பங்கு யாது என்னும் வினா எழலாம். எந்தக் கலம் தீயின் எதிரில் நிற்கவேண்டும், எது தணலருகே சாயவேண்டும், எது பிறிதொன்றின் நிழலில் ஒதுங்கவேண்டும் என்பதைத் தீ மூட்டுமுன்பே அவர் முடிவு செய்கின்றார். தீ என்ன செய்யும் என்பது முழுதும் அவர் கையில் இல்லை. தீக்கு இடமளிப்பது அவர் கையில் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சிறந்திருந்த பிசென் கலங்களின் தரத்தை, மண்ணையும் சுடுமுறையையும் இடைவிடாது ஆய்ந்து மீட்டவர் கனெஷிகே தோயோ (1896–1967). 1956இல் அவருக்கு 'வாழும் தேசியச் செல்வம்' என்னும் சிறப்பு கிடைத்தது.

பெண் சூளையை நெருங்கலாகாது என்னும் வழக்கம் நிலவிய சிகராகியில், கோயாமா கியோகோ (1936–2023) அனகாமாச் சூளையைத் தம் வழியாகக் கொண்டார். மேற்பூச்சு ஏதுமின்றி, சாம்பல் ஒன்றினாலேயே உண்டாகும் இயற்கை மெருகை மீண்டும் மீண்டும் சுட்டுத் தேடி அடைந்தார். பெண்பாற் கவிஞர்கள் அவர் பெயரை நினைவிற்கொள்ளுதல் நன்று.

இக்கலை நமக்கு நெடுந்தொலைவிலும் இல்லை. ஜப்பானில் மட்கலை பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் இணைந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவினார். அங்குப் பயின்றோர் பலர் இந்திய மட்கலைக்கு வளம் சேர்த்துள்ளனர்.

இனி, நான் சொல்லவந்த செய்திக்கு வருகின்றேன். தீ அணைந்ததும் சூளையைத் திறப்பதில்லை. சூட்டோடு திறந்தால் குளிர்காற்றுப் பட்டுக் கலம் விரிசல் காணும். பல நாள் ஆறவிட்டே திறக்கின்றனர். திறந்தபின் ஒவ்வொரு கலத்தையும் கையிலெடுத்துப் பார்க்கின்றனர். விரிசலுற்றதையும் உருத்திரிந்ததையும் ஒதுக்குகின்றனர். பன்னாள் உறக்கம் கெட்டு உழைத்தோம் என்பதற்காகப் பழுதுற்ற கலத்தை எவரும் நல்லதென்பதில்லை.

நம் மன்றத்தில் கவிதை படித்த மறுகணமே கைத்தட்டல் எழுகின்றது. பத்தாண்டுகளாக அன்போடு தட்டியிருக்கின்றோம். அவ்வன்பை நான் குறைகூறவில்லை. ஆயினும், சூடாறாத கவிதைக்குக் கிட்டும் பாராட்டும் அதனைக் காவாது, கண்டனமும் திருத்தாது. ஆகவே ஒன்று வேண்டுகின்றேன். இம்மாதம் படிக்கப்பெறும் கவிதையை அடுத்த மாத அமர்வில் மீண்டும் எடுத்து வைப்போம். இடைப்பட்ட நாள்களில் அதனைப் பலமுறை படித்து வந்தவரே அதுபற்றிப் பேசட்டும். உடன் விழித்திருந்து விறகிட்டவர் சொல்லும் குற்றம் எவரையும் புண்படுத்தாது.

பதினோராம் ஆண்டில் நாம் ஒதுக்கும் கவிதைகள் மிகுமாயின், அதற்காக வருந்த வேண்டா. எஞ்சுபவை நெடுநாள் நீர் தாங்கும்.