ஆசிரியர்கள் வாசிக்க மறுத்த நான்கு பத்திகள்



விலங்கியல் படித்தவன் என்பதால் டார்வினைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். டார்வினை விட்டுவிட்டு, அவரைப் பாடம் நடத்திய சில வாத்தியார்களைப் பற்றிப் பேசுகிறேன்.

அமெரிக்காவில் இது பழைய சண்டை. 1925-இல் டென்னசி மாநிலம் டேட்டனில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். அந்தச் சட்டம் 1967 வரை இருந்தது. பரிணாமம் சொல்லிக்கொடுத்தால் படைப்புவாதத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற லூசியானா சட்டத்தை 1987-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. சரக்கு அதேதான், லேபிள் மட்டும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாறியது.

2004-இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசிக்க வேண்டும் என்றது. மொத்தமே நான்கு பத்தி. டார்வின் சொன்னது ஒரு கொள்கைதான், அதில் இடைவெளிகள் உண்டு, வேறு விளக்கத்துக்கு இன்ன புத்தகத்தைப் பாருங்கள் என்பது அதன் சாரம். நாம் பேச்சுவாக்கில் 'தியரி' என்றால் ஊகம். அறிவியலில் அப்படியில்லையே! அணுக்கொள்கையும் ஒரு தியரிதான்.

உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொல்லக்கூடாது என்ற அந்த மாநில ஆசிரியர் நடத்தை விதியைத்தான் காட்டினார்கள். சம்பளம் கொடுக்கிற வாரியத்துக்கே இப்படி எழுதுவது லேசான காரியமா? கடைசியில் 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகள் வகுப்புக்கு வந்து வாசித்தார்கள்; ஆசிரியர்கள் வெளியே போய்விட்டார்கள்.

பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பில் முதல் சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் கடவுள் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர். நாத்திகர்கள் போட்ட வழக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சுவாரசியம் அந்தப் புத்தகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இருந்தது. 1987 தீர்ப்புக்குப் பிறகு 'படைப்புவாதிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன! காப்பியடித்து மாட்டிய பையன் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது அறிவியல் அல்ல என்று எழுதினார். அவரை நியமித்தவர் ஜார்ஜ் புஷ். அதற்கு முன்பே நவம்பர் தேர்தலில், போட்டியிட்ட பழைய உறுப்பினர் எட்டுப் பேரும் தோற்றிருந்தார்கள். வழக்குச் செலவு 10 லட்சம் டாலருக்கு மேல், பள்ளி மாவட்டத்தின் தலையில். எத்தனை மைக்ரோஸ்கோப் வாங்கியிருக்கலாம்!

நம் நாட்டிலும் 2023-இல், பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தார்கள். 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பி.எட். போகப்போகிற தம்பி தங்கைகள் டீ இடைவேளையில் வாருங்கள், இதைப் பற்றி இன்னும் பேசலாம்.