‘ஓ’ இரத்தமும் சேராதவர்கள்

‘ஓ’ வகை இரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். ஆனால், அந்த ‘ஓ’ இரத்தமே உயிருக்கு ஆபத்தாக முடியும் மனிதர்களும் இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரிடையேதான் இவர்கள் சற்று அதிகம்.

1952-ஆம் ஆண்டு, பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேவும் அவருடைய சக மருத்துவர்களும் ஒரு புதுமையைக் கண்டார்கள். சிலருடைய இரத்தத்தோடு ‘ஓ’ வகையைக் கலந்தால்கூட அணுக்கள் திரண்டு கட்டியாயின. இதற்குப் ‘பம்பாய் இரத்த வகை’ என்று பெயர் வந்தது.

காரணம் என்ன? சிவப்பணுவின் மேற்பரப்பில், கொழுப்போடும் புரதத்தோடும் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகள் நிற்கின்றன. அவற்றின் நுனியில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரையைப் பூட்டுகிறது ஒரு நொதி. அப்படி அமைவதுதான் ‘எச்’. அதன்மேல் ஒரு சர்க்கரை ஏறினால் ‘ஏ’. வேறொன்று ஏறினால் ‘பி’. எதுவும் ஏறாவிட்டால் ‘ஓ’. பம்பாய் வகையினருக்கோ அடித்தளமான ‘எச்’ கிடையாது. அதனால் அவர்கள் உடல் ‘எச்’ உள்ள இரத்தத்தை அந்நியமாகக் கருதித் தாக்குகிறது.

அந்த நொதியின் மரபணுவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் லோவின் குழுவினர், ‘எச்’ இல்லாத எலி அணுக்களுக்குள் மனித மரபணுப் பொருளைச் செலுத்தினார்கள். ‘எச்’ தோன்றிய அணுக்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றுக்குள் புகுந்திருந்த மனிதத் துண்டைக்கொண்டு மரபணுவைப் பிரித்துப் படியெடுத்து, 1990-இல் வெளியிட்டார்கள். இந்தியாவின் பம்பாய் வகையினர் பலருக்கு அந்த மரபணுவில் ஒரேயோர் எழுத்துதான் மாறியிருக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. ஓர் எழுத்துப் பிழை, ஓர் உயிர்ப் பிரச்சினை!

இந்தப் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளை பம்பாய் வகையாகும். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுகிறது. ஒரு பிள்ளைக்கு இருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆபத்து வேளையில் அந்த அண்ணனோ தங்கையோ கொடையாளியாக முடியும்.

சிவப்பணுவை மட்டும் சோதித்தால் இவர்கள் ‘ஓ’ என்றே தெரிவார்கள். இரத்த நீரை ‘ஓ’ அணுக்களோடு கலந்து பார்த்தால் உண்மை வெளிப்படும். எனவே, இரத்தம் ஏற்றுமுன் மருத்துவமனையில் பொருத்தம் பார்க்கும் நேரத்தை யாரும் வீண் தாமதம் என்று எண்ண வேண்டாம். அந்தச் சில நிமிடங்கள்தான் ஓர் உயிருக்குக் காவல்.