மேட்டுத் தண்ணீரும் நம் வாசலும்

(மழைக்காலத்துக்கு முன் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூன் பிறக்க இன்னும் சில வாரங்களே உள்ளன. கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் பக்கம் மனை வாங்கிக் குடியேறிய நம் குடும்பங்கள் கூரைக்குத் தார்ப்பாய் தேடத் தொடங்கிவிட்டன. தார்ப்பாய் கூரையைக் காக்கும். ஆனால் நம்மில் பலருக்கு இப்போது தண்ணீர் பக்கத்து மனையிலிருந்து வாசல் வழியாக வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஆலையிலும் ரயில்வேயிலும் முப்பது ஆண்டு உழைத்து, பிராவிடண்ட் பண்டு பணத்தைப் போட்டு நாம் ஒரு துண்டு நிலம் வாங்கினோம். அன்று பக்கத்தில் நெல் வயல் இருந்தது. பெய்த மழையை வயல் குடித்தது. மிச்சம் நாலாவில் ஓடியது. இன்று அந்த வயலில் லாரி லாரியாக மண் கொட்டி, நாலடி உயர்த்தி, குடோனும் கடை வளாகமும் கட்டிவிட்டார்கள். முற்றம் முழுக்கக் காங்கிரீட். கூரைத் தண்ணீரைக் குழாயில் சேர்த்து, குழாயின் வாயை நம் சந்துப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். போய்க் கேட்டால், "மழைக்கு நாங்களா பொறுப்பு?" என்கிறார்கள்.

மழைக்கு யாரும் பொறுப்பில்லை. மழைத் தண்ணீரை எங்கே தள்ளுகிறோம் என்பதற்குப் பொறுப்பு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் டாங்கர் லாரியில் ஏற்றினால் 40 லாரி. வயலாக இருந்தால் வரப்பு தேக்கும், மண் உறிஞ்சும், மீதி மெல்ல இறங்கும். தகரக் கூரையும் காங்கிரீட்டும் குடிப்பது மிகமிகக் கொஞ்சம். 40 லாரியில் பெரும்பகுதி உடனே வெளியே பாயும். பள்ளத்தில் இருப்பது யார் வீடு? நம் வீடு.

மும்பை மாநகரம் பட்ட பாடும் இதுதான். அதன் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு மட்டுமே அமைந்தவை. அதிலும் பாதித் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும் என்ற கணக்கில் அமைந்தவை. மண்ணை மூடிய பிறகு அந்தப் பாதி எங்கே போகும்? 1993இல் வந்த பிரிம்ஸ்டோவாட் அறிக்கை, கால்வாய்களை 50 மி.மீ. மழைக்கு உயர்த்த வேண்டும், பெய்வது முழுவதும் ஓடி வரும் என்றே கணக்கிட வேண்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அந்த வேலை முடியவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. சதுப்பு நிலத்தை மேடாக்கி, கரையை நெருக்கி வைத்திருந்த மித்தி ஆறு பொங்கி, குர்லாவையும் காலினாவையும் மூழ்கடித்தது. அவ்வளவு மழையை எந்த ஊரும் எளிதில் தாங்காது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் நிற்க இருந்த இடத்தையெல்லாம் விற்றுவிட்டு வானத்தைப் பழிப்பது நியாயமாகாது. நம் பக்கத்து உல்லாஸ் நதியும் சாதுவல்ல. 2019 ஜூலை 27 அன்று வாங்கணி அருகே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை மீட்க வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் 7ஆவது பிரிவு, மேட்டு நிலத்தில் இயற்கையாக விழும் நீர் பள்ள நிலத்துக்கு இயற்கையாக ஓடிவர இடம் விட வேண்டும் என்கிறது. ஆகவே ஆத்திரத்தில் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நாம் சுவர் எழுப்பினால் குற்றம் நம் மேல் திரும்பும். ஆனால் மேட்டுக்காரருடைய உரிமையின் உயிர் "இயற்கையாக" என்ற சொல்லில் இருக்கிறது. மண் கொட்டி உயர்த்துவதும், குழாயில் திரட்டி அடுத்தவர் வாசலில் பாய்ச்சுவதும் இயற்கையா? அதைத் தடுக்கக் கோரியும் நஷ்டஈடு கேட்டும் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். கொட்டிய மண் பக்கத்து வயலின் வடிகாலை அடைத்திருந்தால், 1906ஆம் ஆண்டு மாம்லேதார் கோர்ட் சட்டப்படி அந்த வயல்காரர் தாசில்தாரிடமே முறையிடலாம். ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும்.

கோர்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. குழாய், மண்மேடு, நாலா மூன்றையும் மழைக்கு முன்பே படம் எடுங்கள். தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வடிகால் எங்கே காட்டப்பட்டது, எங்கே கட்டப்பட்டது என்று ஒத்துப் பாருங்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால், சேறு கழுவும் முன் தலாத்தியை அழைத்துப் பஞ்சநாமா எழுதச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் இன்றே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள்.

"பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?" என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டு வரி ரசீதில் நம் பெயர் இருக்கிறது. வரி வாங்கும்போது யாரும் நம் ஊரைக் கேட்பதில்லை. பக்கத்து ஆக்ரி விவசாயியின் பயிரும் இதே தண்ணீரில்தான் அழுகுகிறது. அவருக்கும் நமக்கும் பேச்சு வேறு, பள்ளம் ஒன்று. மனுவை மராத்தியில் எழுதி, அவர் கையெழுத்தை முதலில் வாங்குவோம். தனியாகப் போகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அறுபது கையெழுத்தோடு போனால் உள்ளே அழைத்து நாற்காலி போடுவார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு மழைக்காலம் நம்மை நனையவிட்டு, மூன்றாம் வருடம் புரோக்கர் வருவார். "தண்ணீர் நிற்கும் மனை, பாதி விலைக்குக் கொடுத்துவிடு" என்பார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கு முன் சங்கத்துக்கு வாருங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். நம் அணை இந்த மனுத்தான். கூட்டம் கலையுமுன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் மேசைக்கு வந்து பெயர் எழுதிச் செல்லுங்கள். பெண்கள் பெயரும் சேரட்டும்; வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டுகிறவர்கள் அவர்கள்தானே.